ஃபொக் லைட்டை மஞ்சளாக்க ஸ்ப்ரே வேண்டாம், சேர்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருந்து கந்தளாய்ப் பக்கம் உள்ள ஒரு பாடசாலைக்குத் தினமும் காரில் போய் வருகிறேன். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் வயல்வெளி முழுக்கப் பனிமூட்டம். மாரி தொடங்கினால் திரும்பி வரும்போதும் இருட்டும் மழையும்தான். காரில் கம்பனி ஃபொக் லைட் இருக்கிறது, ஹலஜன் பல்ப், வெள்ளை வெளிச்சம். மஞ்சளாக்கினால் பனியை ஊடறுத்துக்கொண்டு போகும் என்கிறார்கள். நண்பர் ஒருவர் பல்பில் மஞ்சள் கியூட்டெக்ஸ் (நகப்பூச்சு) பூசச் சொல்கிறார். ஸ்டிக்கர் கடையில் ஸ்ப்ரே அடிக்கலாம் என்கிறார்கள். நானே வீட்டில் செய்வதென்றால் எது நல்லது, அண்ணா?

பதில்: சேர், முதலில் அந்தக் கியூட்டெக்ஸ் போத்தலை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். எரியும் ஹலஜன் பல்பின் கண்ணாடி 250 பாகை செல்சியசுக்கு மேல் சுடும். புதுப் பல்பை வெறும் விரலால் தொட வேண்டாம் என்று நாங்கள் சொல்வதே அதனால்தான். விரலில் உள்ள எண்ணெய் பட்ட இடம் மட்டும் கூடச் சூடாகி, பல்ப் சீக்கிரம் போய்விடும். அப்படிப்பட்ட கண்ணாடியில் கியூட்டெக்ஸ் பூசினால் அது கருகும், புகை போய் ரிஃப்ளெக்டரில் படியும், அதற்குப் பிறகு என்ன பல்ப் போட்டாலும் வெளிச்சம் மங்கல்தான். வெசாக் கூட்டுக்கு ஒட்டும் மஞ்சள் கலர்த்தாளைப் பல்பில் சுற்றிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சரி, மஞ்சள் பனியை ஊடறுக்குமா? ஊடறுக்காது. சிவப்பும் மஞ்சளும் குறைவாகச் சிதறும், நீலம் கூடச் சிதறும் என்று படித்திருப்போம். வானம் நீலமாகத் தெரிவதும் அதனால்தான். ஆனால் அந்தக் கணக்கு காற்றின் மூலக்கூறு போல, ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய பொருட்களுக்கு மட்டும்தான் சரி. நாம் பார்க்கும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோன் (ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்). பனிமூட்டத்தின் நீர்த்துளி சில மைக்ரோனில் இருந்து சில பத்து மைக்ரோன் வரை வரும். அவ்வளவு பெரிய துளிக்கு நிற வேறுபாடு பெரிதாகத் தெரியாது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் சிதறடிக்கும். மழைத்துளி அதைவிடப் பெரிது, அதற்கும் இதே கதைதான்.

அப்படியானால் மஞ்சள் வீண் வேலையா என்றால், அதுவும் இல்லை. வித்தியாசம் கண்ணில் இருக்கிறது. வெள்ளை வெளிச்சத்தில் உள்ள நீலமும் ஊதாவும்தான் கண்ணைக் கூடக் கூசச் செய்யும். அதை வடிகட்டிவிட்டால் பனியில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் கண்ணில் குத்துவது குறையும், அரை மணி நேரம் ஓடினாலும் கண் களைப்பது குறையலாம். பிரான்ஸில் 1936இல் சட்டம் போட்டு ஹெட் லைட்டையே மஞ்சளாக்கி, 1993 வரை அப்படியே வைத்திருந்தார்கள். அவர்கள் பாவித்ததும் இந்த நீலம் நீக்கிய மஞ்சள்தான். ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குவிதிகளிலும் முன் ஃபொக் லைட் வெள்ளையாகவோ இந்த மஞ்சளாகவோ இருக்கலாம் என்றுதான் இருக்கிறது. ஆனால் இது சும்மா கிடைப்பதில்லை. ஃபில்டர் எதுவானாலும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும். நல்ல மஞ்சள் என்றால் ஏறக்குறைய 15 வீதம் போகும், செம்மஞ்சள் என்றால் இன்னும் கூட. அதனால் நிறத்தைத் தெரிவுசெய்யும்போது பழுத்த தேசிக்காயின் தோலை நினைத்துக்கொள்ளுங்கள். செவ்விளநீர் நிறத்துக்குப் போனால் வெளிச்சமும் போகும், தூரத்தில் வருபவர் சிக்னல் போட்டிருக்கிறீர்கள் என்றும் நினைப்பார்.

பனியில் உண்மையாக உதவுவது லைட் இருக்கும் உயரமும் அதன் வெளிச்சத்தின் வடிவமும். ஃபொக் லைட் பம்பரின் அடியில் இருக்கும். வெளிச்சம் அகலமாக விரியும், மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல் நிற்கும். கண் மட்டத்தில் உள்ள பனியை அது தொடாது, அதனால் கண்ணுக்குத் திரும்பி வருவதும் குறைவு. தம்பலகாமம் வயல் பக்கம் வீதியோரத்தில் படுத்திருக்கும் மாட்டை முதலில் காட்டுவது இந்த அகல வெளிச்சம்தான். நகரத்துக்குள் கோட்டைப் பக்கத்து மான்களுக்கும் இது உதவும். லைட் ஒரு விரல் அளவு மேலே பார்த்துக்கொண்டு நின்றால், எந்த நிறம் பூசினாலும் வெள்ளைச் சுவருக்கு டோர்ச் அடித்த மாதிரித்தான் இருக்கும். ஆகவே நிறம் மாற்றுவதற்கு முன் லைட்டைக் கழுவி, அது எங்கே பார்க்கிறது என்று பாருங்கள். என்னிடம் மஞ்சளாக்க வரும் கார்களில் கண்ணாடி உப்பும் சேறும் படிந்து மங்கிப் போனவைதான் பாதி. கழுவிக் கொடுத்ததும் மஞ்சள் வேண்டாம் என்று திரும்பிப் போனவர்களும் உண்டு.

இனி வழிகள். இருப்பதில் சுலபமானது மஞ்சள் ஹலஜன் பல்ப். உங்கள் பல்பின் அடியிலேயே எச் 8, எச் 11, எச் 16 என்று ஏதாவது எழுதியிருக்கும், அதே இலக்கம், அதே வோட் வாங்குங்கள். பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்தைக் காட்டும் கெல்வின் இலக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். சாதாரண ஹலஜனே 3000 கெல்வினுக்குக் கிட்டத்தான் வரும், கடைக்காரர் அதைக் காட்டி மஞ்சள் என்பார். பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள், கண்ணாடியே மஞ்சளாக இருக்க வேண்டும். கூடப் பிரகாசம் வேண்டும் என்று 55 வோட் இடத்தில் 100 வோட் போடவும் வேண்டாம். இரண்டு பக்கமும் சேர்ந்து 9 அம்பியர் போன வயரில் 16 அம்பியருக்கு மேல் போகும். 15 அம்பியர் ஃபியூஸ் என்றால் அது போய்விடும். யாராவது அதை எடுத்துவிட்டுப் பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்தது சொக்கெட் உருகும். ஹலஜனுக்குச் செய்த கூட்டுக்குள் எல்ஈடி பல்பைத் திணிப்பதும் எனக்குப் பிடிக்காத வேலை. ரிஃப்ளெக்டர் அந்த ஃபிலமென்ட் இருக்கும் இடத்தைக் கணக்குப் பண்ணிச் செய்தது. வெளிச்சம் வரும் இடம் மாறினால் வெட்டு விளிம்பு குழம்பி, வெளிச்சம் மேலே ஏறும்.

ஸ்ப்ரேக்கு வருவோம். நானும் ஒரு காலத்தில் அடித்தவன்தான். ஒரு கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு பின்னேரம், என்னுடைய சொந்தக் காருக்கே அடித்தேன். காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கும்போது பெயின்ட் காயக் காய மேலே பால் படர்ந்த மாதிரி வெண்படலம் விடும், அன்றும் அதுதான் நடந்தது. கோபத்தில் தின்னரை ஊற்றித் துடைத்தேன். மஞ்சள் போனது உண்மைதான். அடுத்த நாள் வெயிலில் பார்த்தால் பிளாஸ்டிக் முழுக்கச் சிலந்திவலை போல வெடிப்பு. இப்போதைய லைட்டுகளில் பெரும்பாலும் பொலிகார்பனேட் பிளாஸ்டிக்தான் இருக்கிறது. தின்னர், அசிட்டோன், பெற்றோல் ஒன்றும் அதற்கு ஆகாது. அதோடு ஸ்ப்ரே பிடிப்பதற்குச் சாண்ட் பேப்பர் போட வேண்டும். போட்டால் வெயிலைத் தாங்கக் கம்பனி பூசிய மேல்பூச்சும் போய்விடும். பிறகு மனம் மாறினாலும் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. ஸ்டிக்கர் கடைக்கு அரை நாள் வேலை, உங்களுக்கு இரண்டு புது லைட் செலவு.

ஆகவே பல்பை மாற்றாமல் நீங்களே செய்வதென்றால், லைட்டின் மேல் ஒட்டும் மஞ்சள் ஃபிலிம்தான். பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம், கண்டி வீதியில் லொறிச் சில்லில் இருந்து வரும் கல்லுக்கும் ஒரு கவசம். ஆனால் வாகனத்தில் பெயர் எழுதும் மஞ்சள் ஸ்டிக்கரை வாங்கிவிடாதீர்கள். ஹெட் லைட்டுக்கென்று வரும் தடித்த, ஊடாகத் தெளிவாகத் தெரியும் ஃபிலிம்தான் வேண்டும். கடையிலேயே சோதிக்க ஒரு வழி: ஒரு தாளில் நீலப் பேனாவால் உங்கள் பெயரை எழுதி, அதன் மேல் ஃபிலிமை ஒரு சாண் உயர்த்திப் பிடித்துப் பாருங்கள். நீல எழுத்து கறுப்பாகத் தெரிந்தால் அது நீலத்தை நன்றாக வடிகட்டுகிறது. எழுத்தின் ஓரம் மங்கித் தெரிந்தால் அது வெளிச்சத்தைச் சிதறடிக்கும், அதை வாங்க வேண்டாம்.

வேலைக்கு மழை இல்லாத ஒரு காலைப் பொழுதைப் பாருங்கள். காற்று இல்லாத போர்ட்டிகோ போதும். லைட் ஆறியிருக்க வேண்டும். கடற்கரைப் பக்கம் நிற்கும் கார் என்பதால் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் இருக்கும், அதை விட்டுவிட்டு ஒட்டினால் ஒரு மாதத்தில் விளிம்பு எழும்பும். பாத்திரம் கழுவும் திரவம் போட்டு இரண்டு தடவை கழுவி, பார்மசியில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் எடுத்து ஒரு தடவை துடையுங்கள். துடைத்த பிறகு விரல் படக் கூடாது. கடைசி அலசலுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் உவர், காய்ந்ததும் வெள்ளைப் பொட்டு விடும். ஒரு போத்தல் குடிதண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள்.

லைட்டின் மேல் மெல்லிய ஒயில் பேப்பரை வைத்துப் பென்சிலால் விளிம்பைத் தேய்த்து அச்செடுங்கள். ஃபிலிமை அச்சை விடச் சுற்றிவர ஒரு சென்டிமீற்றர் கூட்டி வெட்டுங்கள். அரை லீற்றர் குடிதண்ணீரில் நாலு துளி பேபி ஷாம்பு விட்டு ஸ்ப்ரே போத்தலில் ஊற்றி, லைட்டையும் உங்கள் விரல்களையும் ஃபிலிமின் பசைப் பக்கத்தையும் நன்றாக நனையுங்கள். இங்கே கஞ்சத்தனம் வேண்டாம், தண்ணீர் ஒழுகினால் ஒழுகட்டும். ஃபிலிமைப் போட்டு வழுக்கி வழுக்கிச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, நடுவில் இருந்து வெளியே தண்ணீரைத் தள்ளுங்கள். பழைய பேங்க் கார்ட்டில் மெல்லிய துணியைச் சுற்றினால் அதுவே போதும்.

வளைவு கூடிய இடத்தில் ஃபிலிம் மடிப்பு விடும், எல்லாரும் பதறுவது அங்கேதான். ஹெயார் ட்ரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஃபிலிம் மெதுவாக இளகி அப்பளம் போல நெளியும்போது இழுத்து விடுங்கள், இறங்கிக்கொடுக்கும். ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றால் நிறம் வெளிறிவிடும். கடுகு அளவு குமிழி இரண்டொன்று இருந்தால் விட்டுவிடுங்கள், சில நாள் வெயிலில் அது தானாகப் போய்விடும். ஓரம் வெட்டப் புது பிளேட், மிக லேசாக. பிளேட்டை அழுத்தினால் பிளாஸ்டிக்கிலும் கோடு விழும். கடைசியாக விளிம்பை மட்டும் இன்னொரு தடவை சூடாக்கி விரலால் அழுத்துங்கள். ஒரு நாள் முழுக்க நனையாமல் விடுங்கள், சேர்விஸ் ஸ்டேஷனில் பிரஷர் தண்ணீர் அடிப்பதற்கு ஒரு கிழமையாவது போகட்டும்.

ஒரு பக்கம் முடிந்ததும் மற்றதற்கு அவசரப்பட வேண்டாம். அந்த ஒரு நாள் போன பிறகு, இருட்டியதும் முற்றத்தில் இரண்டையும் எரியவிட்டு, வீட்டில் யாரையாவது ஹோஸ் பைப்பால் காருக்கு முன்னால் பூப்போல தண்ணீர் விசிறச் சொல்லுங்கள். சாரதி சீட்டில் இருந்து வெள்ளைப் பக்கத்தையும் மஞ்சள் பக்கத்தையும் மாறி மாறிப் பாருங்கள். கூச்சம் குறைந்தது உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் மற்றப் பக்கமும் ஒட்டலாம். தெரியாவிட்டால் உரித்துவிட்டு அந்தக் காசுக்கு நல்ல வைப்பர் பிளேட் வாங்குங்கள். எப்படியோ, இரண்டு பக்கமும் இரண்டு நிறத்தில் வீதிக்கு இறங்காதீர்கள்.

பிறகு லைட்டின் பார்வை. சமதரையில் சுவருக்கு நேராக 5 மீற்றர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். நிலத்தில் இருந்து லைட்டின் நடு எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் டேப் ஒட்டுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்த டேப்புக்கு ஏழு சென்டிமீற்றர் அளவு கீழே விழ வேண்டும். லைட்டுக்குப் பின்னால் அல்லது பக்கத்தில் ஒரு திருகாணி இருக்கும், ஸ்க்ரூட்ரைவரால் மெதுவாகத் திருப்பினால் ஏறும், இறங்கும். நான் என்னிடம் வரும் ஒவ்வொரு காருக்கும் இதைக் கட்டாயம் பார்ப்பேன். ஃபிலிம் ஒட்டுவதை விட இதற்குத்தான் கூட நேரம் போகும்.

பாவிக்கும்போது ஃபொக் லைட்டோடு டிம் லைட்டைப் போடுங்கள், ஹெட் லைட் பிறைட்டில் வேண்டாம். பனி விலகியதும் ஃபொக் லைட்டை அணைத்துவிடுங்கள், எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு நனைந்த வீதியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் பெரிய தொல்லை. கார் நிற்கும்போதும் நீண்ட நேரம் எரியவிடாதீர்கள். ஓடும்போது காற்றுப் பட்டு ஆறும் லைட், நின்றால் ஹலஜன் சூட்டில் ஃபிலிமை இளக்கிவிடும். வேகத்துக்கு மட்டும் மஞ்சளை நம்ப வேண்டாம். மணிக்கு 40 கிலோமீற்றரில் போனாலே கார் ஒரு விநாடியில் 11 மீற்றர் ஓடிவிடும், நீங்கள் பிரேக்கில் கால் வைப்பதற்கே அந்த ஒரு விநாடி போகும். கந்தளாய்க்கு அப்பால் ஹபரணைப் பக்கம் போக நேர்ந்தால், யானை நிற்கும் வீதி அது, இன்னும் குறையுங்கள்.

எங்கள் வெயிலில் எந்த ஃபிலிமும் நிரந்தரம் இல்லை. விளிம்பு பழுப்பாகி மயிர்க்கோடு போல வெடிக்கத் தொடங்கினால் அப்போதே ட்ரையரால் சூடாக்கி, ஒரு மூலையில் இருந்து மெதுவாக உரியுங்கள். இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்று விட்டால் பசை இறுகித் துண்டு துண்டாகத்தான் வரும். மிச்சப் பசைக்குச் சோப்புத் தண்ணீரும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் போதும். முதல் தடவை எடுத்த ஒயில் பேப்பர் அச்சில் இடது, வலது என்று எழுதி டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.