கையெழுத்துப் போடாத வாசகரை எப்படி எண்ணுவது?

கேள்வி: கிளை நூலகம் ஒன்றில் நூலகராக இருக்கிறேன். வாசகர் வருகை, இரவல் தந்த நூல்கள், புதிய உறுப்பினர்கள் என்று மாதந்தோறும் கணக்கு அனுப்புகிறேன். இரவல் குறைந்துகொண்டே போகிறது. ஆனால் நாற்காலிகள் காலியாக இருப்பதே இல்லை. வருபவர்களில் பாதிப் பேர் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. சரியான கணக்கை எடுப்பது எப்படி? எடுத்தால் நூலகத்துக்கு என்ன பயன்?

பதில்: நாற்காலி நிறைவதும் இரவல் குறைவதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தங்கள் புத்தகத்தைப் பையிலேயே கொண்டுவருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மேசையும் மின்விசிறியும் அமைதியும்தான். எட்டு மணி நேரம் உட்கார்ந்து படித்தாலும் உங்கள் இரவல் பதிவேட்டில் அவர்களால் ஒரு வரிகூட ஏறாது. காலையில் நாளிதழ் புரட்ட வரும் பெரியவர்கள் கையெழுத்துப் போடுவதே இல்லை. பெயரும் கைபேசி எண்ணும் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதப் பெண்கள் தயங்குவார்கள்; அது நியாயமும்கூட. ஆக, பதிவேடு காட்டுவது கையெழுத்துகளின் எண்ணிக்கையை மட்டுமே.

இதற்குப் பலர் கண்டுபிடித்த குறுக்குவழி, மாலையில் உட்கார்ந்து பதிவேட்டை நிரப்புவது. நான் பணியில் இருந்தபோது ஒரு பதிவேட்டைப் புரட்டினேன். பேருந்தே ஓடாத அடைமழை நாளில் 84 பேர் வந்ததாக இருந்தது. எல்லாம் ஒரே மையில், ஒரே சாய்வில். அந்த நூலகத்தின் உண்மையான கணக்கையும் அதன்பிறகு யாரும் நம்பவில்லை. தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள்.

ஆண்டு முழுக்க அரைகுறையாக எண்ணுவதைவிடச் சில வாரங்கள் ஒழுங்காக எண்ணுவது மேல். அமெரிக்காவின் பொது நூலகங்கள் இப்படிச் செய்வது வழக்கம். கூட்டம் அதிகமோ குறைவோ இல்லாத ஒரு வாரத்தைத் தேர்ந்து, வாசலைத் தாண்டுபவர் அத்தனை பேரையும் எண்ணி, 52ஆல் பெருக்கிக்கொள்வார்கள். நமக்கு ஒரு வாரம் போதாது. மார்ச் பொதுத்தேர்வு, மே விடுமுறை, ஐப்பசி மழை என்று கூட்டம் ஏறி இறங்குவதால், காலாண்டுக்கு ஒன்றாக நான்கு வாரம் எண்ணுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு: நான்கு வாரங்களில் முறையே 310, 265, 420, 285 பேர், கூட்டினால் 1,280. வாரத்துக்கு 6 வேலைநாள் என்றால் 24 நாள். நாளுக்குச் சராசரி 53 பேருக்குச் சற்று மேல். ஆண்டில் நூலகம் திறந்திருந்தது 290 நாள் என்றால், ஏறத்தாழ 15,500 வருகை. இதையே வாரச் சராசரி 320 என்று வைத்து 52ஆல் பெருக்கினால் 16,640 வரும். பண்டிகைக்கும் அரசு விடுமுறைக்கும் பூட்டிக் கிடந்த நாள்களிலும் ஆள் வந்ததாக ஆகிவிடும். அதனால் திறந்திருந்த நாளால் பெருக்குங்கள்.

எண்ணுவதற்குக் கருவி வேண்டாம். ஓர் அட்டையில் மணிவாரியாகக் கட்டம் போட்டு, ஐந்தைந்தாகக் கோடு இழுத்தால் போதும். மணிவாரி என்பதை விட்டுவிடாதீர்கள். மாலை 5 மணிக்கு மேல்தான் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று அட்டை காட்டினால், கதை சொல்லலை எந்த நேரத்தில் வைப்பது என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

எண்ணத் தொடங்கும் முன் சொற்களை முடிவு செய்துகொள்ளுங்கள். வருகை வேறு, வாசகர் வேறு. டீ குடிக்கப் போய்த் திரும்புபவர் இரண்டு வருகை, ஒரு வாசகர். 1974இல் முதலில் வெளிவந்து பலமுறை திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 2789 என்ற பன்னாட்டுத் தரநிலை, இப்படி எதை எப்படி எண்ணுவது என்று வரையறுப்பதற்காகவே இருக்கிறது. அதிலிருந்து ஒன்றை மட்டும் உடனே எடுத்துக்கொள்ளுங்கள்: உறுப்பினர் எத்தனை பேர் என்று எழுதுவதோடு, இந்த ஆண்டில் ஒரு நூலாவது எடுத்துப்போனவர் எத்தனை பேர் என்றும் எழுதுங்கள். திருமணமாகி வெளியூர் போனவர்களும் காலமானவர்களும் நம் உறுப்பினர் பட்டியலில் பத்திரமாக வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

நூலகத்துக்குள்ளேயே படிக்கப்படும் நூல்களைப் பெரும்பாலோர் கணக்கில் விட்டுவிடுகிறோம். எண்ணும் வாரத்தில் மட்டும், ‘படித்த நூலை அலமாரியில் வைக்க வேண்டாம், மேசையிலேயே விட்டுச் செல்லுங்கள்’ என்று எழுதி ஒட்டுங்கள். நாளுக்கு இருமுறை, அடுக்குவதற்கு முன், எந்த அலமாரியின் நூல்கள் எத்தனை என்று குறியுங்கள். இரவலை மட்டும் பார்த்து, யாரும் தொடுவதில்லை என்று நினைத்த அகராதியும் சட்ட நூலும் மேசையில் கிடப்பதைப் பார்ப்பீர்கள்.

அலமாரிவாரிக் கணக்கு எதற்கு என்றால், நூல் தேர்வுக்கு. சிறுவர் நூல்கள் 400 இருந்து ஆண்டில் 1,000 முறை இரவல் போயிருந்தால், நூல் ஒன்றுக்கு 2.5 முறை. இன்னோர் அலமாரியில் 900 நூல் இருந்து 60 முறைதான் போயிருந்தால், 0.07கூட இல்லை. முன்னதற்கு நூல் போதவில்லை. கேட்டுப் பட்டியல் அனுப்ப இதுவே ஆதாரம். பின்னதை உடனே கழித்துவிட வேண்டாம். நூலின் கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டைப் பாருங்கள். உள்ளூர் எழுத்தாளரின் நூலா, வேறெங்கும் கிடைக்காததா என்றும் பாருங்கள். சில சமயம் குற்றம் நூலினுடையதே அல்ல; அது இருக்கும் மூலை இருட்டு, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் மேலாக எனக்குப் பிடித்த ஏடு ஒன்று உண்டு. எந்தப் படிவத்திலும் அதற்கு இடம் கிடையாது. ‘இல்லை ஏடு’ என்பேன். வாசகர் கேட்டு, நம்மிடம் இல்லை என்று கைவிரித்த ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதும் நோட்டு. பெயர் வேண்டாம், மாணவரா, இல்லத்தரசியா, விவசாயியா என்பது போதும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் வகுத்த விதி. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆவதற்கு முன் அவர் கணித ஆசிரியர். அந்த விதி நம் நூலகத்தில் எத்தனை முறை தவறியது என்பதை இந்த ஒரு நோட்டுதான் காட்டும்.

இனிப் பயன். மேலிடத்துக்குப் போகும் படிவம் போகட்டும். நீங்கள் ஒரு பக்கம் தனியாகத் தயார் செய்யுங்கள். பக்கத்து ஊர் நூலகத்தோடு ஒப்பிடாதீர்கள்; அந்த ஊரின் கல்லூரியும் பேருந்து நிலையமும் உங்களிடம் இல்லை. சென்ற ஆண்டின் இதே காலாண்டோடு ஒப்பிடுங்கள். ஆயிரம் பேருக்கு இத்தனை வருகை என்று எழுதினால், மக்கள்தொகைக்கு எந்த ஆண்டுக் கணக்கை எடுத்தீர்கள் என்பதையும் குறியுங்கள். 2011 கணக்கெடுப்பை வைத்துக்கொண்டு இன்றைய ஊரை அளப்பதில் பிசகு வரும்.

அந்தப் பக்கத்தை வாசகர் வட்டத்தில் படியுங்கள். ஊராட்சித் தலைவரிடமும் வார்டு உறுப்பினரிடமும் கொடுங்கள். 1948 பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக மக்கள் கட்டுகிறார்கள். தாங்கள் கட்டிய காசு என்ன ஆனது என்று அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு. ‘கூடுதல் நாற்காலி வேண்டும்’ என்ற மனு அலமாரியில் உறங்கும். ‘இருக்கை 24, காலை 11 மணிக்கு வந்தவர் 39, நின்றவர் 15’ என்று எழுதினால் புரவலர் ஒருவராவது காதுகொடுப்பார்.

ஓர் எச்சரிக்கை: எண்களை மட்டும் கொடுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள பதிவேட்டுப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். யார் என்ன படிக்கிறார் என்பது அவர் சொந்த விஷயம்.

முதல் வாரத்தை ஜூனில் வைக்காதீர்கள். பள்ளி திறக்கும் களேபரத்தில் எந்த எண்ணும் வழக்கமானதாக இராது. ஜூலை நடுவில் தொடங்கலாம். அட்டையை மேசை விளிம்பில் ஒட்டிவிடுங்கள், பேனாவையும் கயிற்றில் கட்டி.