சதி செய்தார்கள் என்று மட்டும் எழுதினால் போதுமா?

‘அண்ணன் மேல் கொலைச் சதி வழக்கு. கூடிப் பேசினார்கள் என்றுதான் இருக்கிறது. நாள், இடம் எதுவும் இல்லை. வழக்கு நிற்குமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாளையங்கோட்டையில் வக்கீலாக இருக்கிறேன். நாள் இல்லை என்பதாலேயே வழக்கு விழுந்துவிடாது. சதியை யாரும் நாலு பேர் பார்க்கப் பேசுவதில்லை. அதனால் பேசிய வார்த்தை, மணி நேரமெல்லாம் சட்டம் கேட்பதில்லை. கொலை செய்ய உடன்பட்டார்கள் என்றாலே சதிக் குற்றம் முழுமை, வேறு செயல் தேவையில்லை. ஆனால் யார் யார், எந்தக் காலத்துக்குள், எங்கே, எந்தக் குற்றத்துக்காக என்பது எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, புரிகிற அளவுக்காவது இருக்க வேண்டும். திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் கொலையை ஒட்டி 1911இல் நம்ம ஜில்லாக்காரர்கள் மேல் நடந்த வழக்கிலேயே, அரசருக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி என்று நோக்கத்தைச் சொல்லித்தான் குற்றம் சாட்டினார்கள். எந்தக் குற்றத்துக்கான சதியையும் தண்டிக்கும் பழைய தண்டனைச் சட்டத்தின் 120-பி பிரிவு வந்ததே 1913இல்தான்.

நான் ஜூனியராக இருந்தபோது ஒரு வழக்கில் மூன்றாம் எதிரி லாரி டிரைவர். ‘சம்பவத்துக்குச் சில நாட்கள் முன்பு ஒரு டீக்கடையில் கூடிப் பேசி’ என்று கோர்ட்டில் குற்றச்சாட்டு வனைந்திருந்தார்கள், அதாவது எழுதிப் பதிவு செய்திருந்தார்கள். “எந்த நாளுன்னு சொன்னா, அன்னைக்கு எங்க லோடு இறக்கினேன்னு டிரிப் ஷீட்டைக் காட்டிருவேன். நாளே இல்லைன்னா எதை ஐயா காட்ட?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அன்றே மனுவாகப் போட்டிருக்க வேண்டும். நாங்கள் போடவில்லை. கடைசி வாதத்தில் எடுத்தபோது, வனைந்த அன்றே ஏன் சொல்லவில்லை என்றார் நீதிபதி. எங்களிடம் பதில் இல்லை. முக்கிய சாட்சி முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ்ந்ததால் டிரைவர் விடுதலையானார். இருந்தாலும் அந்தத் தவறு இன்றும் எனக்கு உறுத்துகிறது.

குற்றச்சாட்டில் உள்ள குறை எதிரியைத் தடுமாற வைத்து, அதனால் நீதி கெட்டது என்று காட்டினால்தான் மேல்முறையீட்டில் எடுபடும். முன்பே ஆட்சேபித்திருக்கலாமே என்றும் பார்ப்பார்கள்.

உங்கள் கையில் இருப்பது போலீசின் குற்றப்பத்திரிகையா, கோர்ட் வனைந்த குற்றச்சாட்டா என்று முதலில் பாருங்கள். இன்னும் வனையவில்லை என்றால் நல்லது. சாட்சி வாக்குமூலங்களில் அண்ணன் பெயர் எங்கெங்கே வருகிறது என்று வக்கீலோடு உட்கார்ந்து கோடு போடுங்கள். எங்குமே இல்லை என்றால், விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்கும் விடுவிப்பு மனு போடலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி (பி.என்.எஸ்.எஸ்.), மாஜிஸ்திரேட் வழக்கை செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பிய, அதாவது கமிட் செய்த, நாளிலிருந்து 60 நாள்தான் கெடு. அந்தத் தேதியை இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.