ஜாக்கிக்கும் குதிரைக்கும் நடுவில் உண்மையிலேயே பிணைப்பு உண்டா?

நிச்சயம் உண்டு. எனக்கு உடனே நினைவுக்கு வருவது இங்கிலாந்தின் பாப் சாம்பியன் என்ற ஜாக்கியும் ஆல்டனிட்டி என்ற குதிரையும்தான். 1979-இல் சாம்பியனுக்குப் புற்றுநோய். அதே ஆண்டு ஆல்டனிட்டிக்குக் காலில் பலத்த அடி. இனி பந்தயம் ஓடாது என்றே பலரும் நினைத்தார்கள். கீமோதெரபியில் துவண்டு கிடந்த சாம்பியனைத் தாங்கியது, இந்தக் குதிரையில் கிராண்ட் நேஷனல் என்ற பெரிய தடை தாண்டும் பந்தயத்தை ஓட வேண்டும் என்ற ஒரே நினைப்பு. பயிற்சியாளர் ஜாஷ் கிஃபோர்டும் அவருக்கான இடத்தைக் காத்து வைத்திருந்தார். அந்த மனசு பெரிது.

1981 ஏப்ரல் 4, அந்தப் பந்தயம் நடந்த ஏன்ட்ரி மைதானம். 30 தடைகள், ஏழு கிலோமீட்டருக்கு மேல். முதல் தடையிலேயே ஆல்டனிட்டி அளவு மீறித் தாவி, விழப் பார்த்தது. இந்த மாதிரி நொடியில் கடிவாள வாரை இழுத்துப் பிடித்தால் குதிரையால் தலையை நீட்டிச் சமாளிக்க முடியாது. ஜாக்கி உடம்பைப் பின்னால் சாய்த்து, வாரை விரல்களுக்கு இடையே நழுவ விட வேண்டும். அந்த அரை நொடி, இரண்டு உயிரும் குதிரையின் பொறுப்பு. பிணைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆல்டனிட்டி சமாளித்து எழுந்தது. அப்புறம் பாதி ஓட்டத்துக்குள் முன்னிலைக்கு வந்து, ஸ்பார்ட்டன் மிசைல் என்ற குதிரையை நான்கு குதிரை நீளம் முந்தி ஜெயித்தது.