கோபம் யார் மேல்? - ஆங்கிலக் கேள்வி பதில்

கேள்வி: 'ஷி இஸ் ஆங்க்ரி ஆன் மீ' என்று எழுதினேன். திருத்தியவர் 'ஆன்' என்பதை அடித்துவிட்டு 'வித்' போட்டிருக்கிறார். கோபம் என் மேல்தானே? 'மேல்' என்றால் 'ஆன்' இல்லையா?

பதில்: தமிழில் கோபம், பொறாமை, சந்தேகம், அக்கறை எல்லாமே ஒருவர் 'மேல்' வருகின்றன. 'மேசை மேல்' என்பதிலும் அதே 'மேல்' இருப்பதால் கை தானாக 'ஆன்' என்று எழுதிவிடுகிறது. ஆங்கிலத்திலோ இந்த ஒவ்வொரு அட்ஜெக்டிவுக்கும் (பண்பைச் சொல்லும் சொல்லுக்கும்) ஜோடியாக வரும் ப்ரபொசிஷன், அதாவது 'ஆன்', 'வித்' போன்ற சின்னச் சொல், வேறு. 'ஜெலஸ் ஆஃப்', 'சஸ்பிஷஸ் ஆஃப்', 'கன்சர்ன்ட் அபௌட்'. கோபத்துக்கு இரண்டு ஜோடிகள் உண்டு. ஆளைச் சொன்னால் 'வித்', விஷயத்தைச் சொன்னால் 'அபௌட்'. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: 'ஷி இஸ் ஆங்க்ரி வித் மீ அபௌட் த டிலே'. தாமதம் பற்றி, என் மேல் கோபம். 'ஆங்க்ரி அட் மீ' என்பதும் வழக்கில் இருக்கிறது, அமெரிக்கர்கள் நிறையவே சொல்வார்கள். 'ஆன்' மட்டும் ஆகாது.

'ஆன்' சேரும் அட்ஜெக்டிவுகள் இல்லாமல் இல்லை. 'கீன் ஆன்', 'டிபென்டென்ட் ஆன்' இரண்டும் சரியே. ஆனால் 'இன்டிபென்டென்ட்' என்று ஆனதும் 'ஆஃப்' வந்துவிடும். ஓர் எதிர்ச்சொல்லிலேயே ஜோடி மாறும்போது, தமிழ் உருபை மொழிபெயர்த்து விடை காண முடியாது. நம் மொழியும் அப்படித்தான். 'அவரைப் பிடிக்கும்', ஆனால் 'அவர் மேல் பிரியம்'. ஒன்றில் 'ஐ', இன்னொன்றில் 'மேல்'. ஏன் என்று நாம் யாரும் கேட்டதில்லை, சொல்லைக் கற்றபோதே உருபும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆங்கிலத்தையும் அப்படியே படியுங்கள். நோட்டில் 'ஜெலஸ்' என்று தனியாக எழுதாதீர்கள், 'ஜெலஸ் ஆஃப் ஹிஸ் பிரதர்' என்று எழுதுங்கள்.

கேள்வி: 'குட் இன் மேத்ஸ்' சரியா, 'குட் அட் மேத்ஸ்' சரியா?

பதில்: 'அட்'. திறமையைச் சொல்லும்போது 'குட்', 'பேட்', 'பிரில்லியன்ட்', 'க்விக்' எல்லாமே 'அட்' பக்கம்தான். 'வீக் இன் மேத்ஸ்' என்று சொல்லிப் பழகியவர்கள் 'குட்' என்பதற்கும் 'இன்' போட்டுவிடுகிறார்கள். 'வீக் இன்' சரிதான், அதை மாற்ற வேண்டாம். மொழியிலும் கவனம் தேவை: 'குட் அட் இங்கிலீஷ்', ஆனால் 'ஃப்ளூயன்ட் இன் இங்கிலீஷ்'.

'குட்' என்பதற்கு ஜோடி மாறினால் பொருளே மாறும். 'குட் ஃபார் யுவர் ஹெல்த்' என்றால் உடம்புக்கு நல்லது. 'ஷி வாஸ் குட் டு மீ' என்றால் என்னை அன்பாக நடத்தினாள். 'குட் வித் சில்ட்ரன்' என்றால் குழந்தைகளைச் சமாளிக்கத் தெரிந்தவர். 'குட் டு சில்ட்ரன்' அன்பைச் சொல்கிறது, 'குட் வித் சில்ட்ரன்' கைப்பக்குவத்தைச் சொல்கிறது. வேலை விண்ணப்பத்தில் இரண்டாவதுதான் தகுதியாக நிற்கும்.

கேள்வி: 'மேரீட் வித்' ஏன் தவறு?

பதில்: 'அவருடன் திருமணம்' என்பதில் உள்ள 'உடன்' இழுத்துவரும் பிழை இது. 'மேரீட் டு', 'எங்கேஜ்ட் டு' என்பதே வழக்கு. 'மேரீட் வித் டூ சில்ட்ரன்' என்று பார்த்திருப்பீர்கள். அதற்குத் திருமணமானவர், இரண்டு குழந்தைகள் உண்டு என்று பொருள்.

கேள்வி: 'சுப்பீரியர் தேன்' என்று எழுதலாமா? ஒப்பீடுதானே?

பதில்: ஒப்பீடுதான், ஆனால் 'டு' போட வேண்டும். 'சுப்பீரியர்', 'இன்ஃபீரியர்', 'சீனியர்', 'ஜூனியர்' நான்கும் லத்தீனிலிருந்து ஒப்பீட்டு வடிவமாகவே வந்த சொற்கள். 'விட' என்ற பொருள் அவற்றுக்குள்ளேயே இருப்பதால் முன்னால் 'மோர்' சேர்ப்பதும் பிழை. 'ஷி இஸ் டூ இயர்ஸ் சீனியர் டு மீ' என்றால் போதும்.

கேள்வி: 'ஐ ஆம் யூஸ்ட் டு வெயிட்' என்பதில் என்ன குறை? 'டு' வந்தால் வினைச்சொல்லை அப்படியே எழுத வேண்டும் என்றுதானே படித்தோம்?

பதில்: ப்ரபொசிஷனுக்குப் பின்னால் வினை வந்தால் 'இங்' சேர வேண்டும்: 'இன்ட்ரஸ்டட் இன் லேர்னிங்', 'டயர்ட் ஆஃப் வெயிட்டிங்'. சிக்கல் 'டு' என்பதில் மட்டும்தான், ஏனென்றால் அது இரண்டு வேலை செய்கிறது: சில இடங்களில் ப்ரபொசிஷன், சில இடங்களில் 'டு வெயிட்' போல வினைக்கு முன்னால் நிற்கும் சொல். சோதித்துப் பார்க்க எளிய வழி: 'டு' என்பதற்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'ஐ ஆம் யூஸ்ட் டு த நாய்ஸ்' பொருந்துகிறது. ஆகவே அது ப்ரபொசிஷன், 'ஐ ஆம் யூஸ்ட் டு வெயிட்டிங்' என்பதே சரி. காத்திருந்து பழகிவிட்டேன் என்று பொருள். 'ஆம்' என்பதை எடுத்துவிட்டு 'ஐ யூஸ்ட் டு வெயிட்' என்றால் முன்பு காத்திருப்பேன், இப்போது இல்லை என்றாகும். ஒரு சின்னச் சொல் காலத்தையே மாற்றுகிறது.

கேள்வி: கேள்வி கேட்கும்போது 'ஆஃப்', 'டு' போன்ற இந்தச் சொற்கள் எங்கே போகும்?

பதில்: கடைசிக்கு. 'வாட் ஆர் யூ அஃப்ரெய்ட் ஆஃப்?', 'ஹூ இஸ் ஷி மேரீட் டு?' தமிழில் 'எதற்குப் பயம்?' என்று உருபு கேள்விச்சொல்லிலேயே ஒட்டிவிடுகிறது. அதனால் வாக்கியம் முடிந்துவிட்டதாக நினைத்துப் பலர் 'வாட் ஆர் யூ அஃப்ரெய்ட்?' என்று நிறுத்திவிடுகிறார்கள். ப்ரபொசிஷனில் வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்று எங்காவது படித்திருந்தால், அன்றாடப் பேச்சுக்கு அதைப் பொருட்படுத்தவே வேண்டாம். அந்த 'ஆஃப்' இல்லாவிட்டால்தான் பிழை.