ஐந்தப்பம் யாருக்குத் தெரியும்?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

சாயர்புரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். பாளையங்கோட்டையில் வேலை. மாதாமாதம் இங்கே நடக்கும் கவிதைக் கூட்டத்துக்குப் போவேன். போன கூட்டத்தில் எங்கள் ஊர் அசனத்தைப் பற்றி, அதாவது ஆலயத்தில் எல்லோருக்கும் போடும் பொதுவிருந்தைப் பற்றி, ஒரு கவிதை வாசித்தேன். ஒரு பையன் கொண்டுவந்த ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் வைத்து இயேசு ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்ட வேதாகமக் கதை அதில் வரும். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஐந்தப்பம், ரெண்டு மீனெல்லாம் யாருக்குத் தெரியும்? சபை வாடை அடிக்குது" என்றார் ஒரு நண்பர். எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் காட்டினால், "வசனம் ஒண்ணுமே இல்லையே தம்பி" என்கிறார். அவருக்காகக் கடைசியில் மூன்று வரி சேர்த்தேன். கவிதையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கிறிஸ்தவக் கவிஞன் என்று பெயர் விழுந்துவிட்டால் இலக்கியத்தில் யாரும் சீந்த மாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. வேறு பெயரில், வேறு விஷயங்களை எழுதட்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பெயரை மாற்ற வேண்டாம். விஷயத்தையும் மாற்ற வேண்டாம். ஐயருக்காகச் சேர்த்த அந்த மூன்று வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

ஓலைப்பாயில் கொட்டிய சோற்றில் ஆவி அடங்குவதற்குள் பந்தி உட்கார்ந்துவிடுகிறது. இலை தீர்ந்துபோகிறது, சோறு தீரவில்லை. தூக்குவாளியோடு ஓரமாக நிற்கிற ஆச்சி, "அந்த ஐந்தப்பம் கொண்டாந்த பையன் யார் வீட்டுப் பிள்ளையோ, அவன் சாப்பிட்டானோ என்னவோ" என்கிறாள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். வேதாகமத்தில் அந்தப் பையனுக்குப் பெயர் கிடையாது. அவன் சாப்பிட்டானா என்று கேட்க, பசி தெரிந்த ஒரு கிழவி வேண்டியிருக்கிறது. கவிதை அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு "கர்த்தர் யாவும் தருவார்" என்று எழுதினால், ஆச்சி சொன்னது போதாது என்று நீங்களே சொல்வதாக ஆகிவிடும்.

நான் சைவக் குடும்பத்தில் வளர்ந்தவன். எனக்கு உங்கள் கவிதை புரிந்தது. நப்பின்னை யார் என்று தெரிந்துகொண்டா எல்லோரும் திருப்பாவை படிக்க வந்தார்கள்? பாட்டு இழுத்தது, அப்புறம் தெரிந்துகொண்டார்கள். ஆண்டாளுக்கும் மாணிக்கவாசகருக்கும் கொடுக்கிற அந்தப் பொறுமையை உங்களுக்கும் கொடுங்கள் என்று கூட்டத்தில் தைரியமாகக் கேட்கலாம்.

உங்கள் சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர்தான் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827-இல் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியம் 1894-இல் நூலாக வந்தது. அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்கிறோம். மதம் மாறும்போது அவர் கம்பனை வாசலில் விட்டுவிட்டுப் போகவில்லை. உங்கள் ஆலயங்களில் பாடுகிற 'சத்தாய் நிஷ்களமாய்' அவர் எழுதியதுதான். அதில் 'அத்தா உன்னையல்லால் எனக்கார்துணை யாருறவே' என்று வருகிற அடியைப் பாடிவிட்டு, சுந்தரரின் 'பொன்னார் மேனியனே' தேவாரத்தில் வருகிற 'அன்னே உன்னையல்லால் இனி யாரை நினைக்கேனே' என்பதையும் பாடிப் பாருங்கள். அதே நடை, அதே தவிப்பு. அந்தத் தேவாரம் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தக் கீர்த்தனையில் அந்நியமாக எதுவுமே தெரிந்ததில்லை. கிறிஸ்தவக் கவிஞன் என்ற பெயர் அவரைத் தமிழிலிருந்து ஒதுக்கிவிடவில்லை. உங்களை மட்டும் எப்படி ஒதுக்கும்?

ஆனால் நண்பர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய இன்னொரு சின்னக் கவிதையில் கிருபை, மகிமை, ஆசீர்வாதம் மூன்றும் நாலே வரிக்குள் வந்துவிடுகின்றன. ஜெபத்தில் அவை தானாக வரலாம், வரத்தான் வேண்டும். கவிதையில் தானாக வந்தால் சந்தேகப்படுங்கள். அந்த ஆச்சி சோற்றைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொற்களில் ஒன்றுகூட அவள் வாயில் வரவில்லை பாருங்கள்.

இன்னொன்று. சபையைப் பற்றி எழுதுவது என்றால் அசனத்தை மட்டும் எழுதுவது இல்லை. சபைத் தேர்தல் வந்தால் அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போகிற வீடுகள் உங்கள் ஊரிலும் இருக்கும். ஒரே ஆலயத்துக்குள் சாதி எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதையும் நீங்கள்தான் எழுத வேண்டும். வெளியிலிருந்து நான் எழுதினால் வசையாகப் போய்விடும். உள்ளே முழங்கால் போடுகிறவன் எழுதினால் அதில் வலி இருக்கும். ஐயருக்கு வருத்தம் வரலாம். அவரோடு பேசுங்கள், சண்டை போட வேண்டாம்.

கிறிஸ்துமஸ் பவனிக்குப் பாட்டு எழுதித் தரச் சொன்னால் மறுக்காமல் எழுதிக் கொடுங்கள். 1774-இல் நம் திருநெல்வேலியில் பிறந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் பாடுவதற்காகவே எழுதியவர், இன்றும் பாடுகிறார்கள். புத்தகம் பார்க்காமல் ஒரு கிழவி பாடும்படி நாலு வரி கட்டுவது லேசான காரியம் இல்லை. கவிதைக் கூட்டத்தையும் விடாதீர்கள். மற்றவர்கள் வாசிக்கும்போது அக்கறையாகக் கேளுங்கள், அவர்கள் சாமியைப் பற்றி எழுதினாலும், சாமியே இல்லை என்று எழுதினாலும்.

அடுத்த மாதம் அசனக் கவிதையையே திரும்ப வாசியுங்கள், அந்த மூன்று வரி இல்லாமல். அந்த நண்பர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி