மக்காச்சோளக் காட்டுக்கு வரும் அரசுப் பணம்: கேட்டதும் சொன்னதும்

இல்லினாய் மாநிலத்தின் மெக்லீன் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பண்ணைக் கணக்கு பார்க்கிறவன் நான். புளூமிங்டன் பக்கம் வேலைக்கு வந்த நம்மவர்கள், ரோட்டின் இருபுறமும் நிற்கும் மக்காச்சோளத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டவை இவை.

கேள்வி: அண்ணா, பக்கத்துப் பண்ணைக்காரர் இந்த வருடம் முழுக்க சோயாதான் போட்டார். ஆனால் மக்காச்சோளத்துக்கு மானியம் வருமாம். இது மோசடி இல்லையா?

பதில்: இல்லை தம்பி, சட்டமே அப்படித்தான். பணம் ‘பேஸ் ஏக்கர்’ கணக்கில் வருகிறது. பல வருடங்களுக்கு முன் அந்த நிலத்தில் என்ன விதைத்தார்கள் என்ற பதிவு அது. நம் ஊர் அடங்கலில் ஒரு பழைய பக்கத்தை எடுத்துப் பூட்டி வைத்தது மாதிரி. 100 ஏக்கர் மக்காச்சோள பேஸ் இருந்தால் 85 ஏக்கருக்குப் பணம். இந்த வருடம் சோயா போட்டாலும் அது மாறாது. காய்கறி, பழம் என்று போனால்தான் ஓர் அளவுக்கு மேல் வெட்டு விழும். நிலத்தை விற்றால் பேஸும் கூடவே போகும்.

கேள்வி: சரி, எவ்வளவு வரும்?

பதில்: இரண்டு திட்டம் உண்டு. பி.எல்.சி. என்பது விலையை மட்டும் பார்க்கும். மக்காச்சோளத்தின் ஆதார விலை புஷலுக்கு (சுமார் 25 கிலோ) 3.70 டாலராக இருந்தது. 2025 சட்டம் அதை 4.10 ஆக்கியது. வருட சராசரி விலை 3.90 என்று வையுங்கள். 20 சென்ட் குறைவு, அந்தக் குறைவைத்தான் அரசு ஈடுகட்டும். பதிவில் உள்ள விளைச்சல் ஏக்கருக்கு 150 புஷல். 85 ஏக்கருக்கு 2,550 டாலர். விலை ஏறிவிட்டால் ஒன்றும் இல்லை.

ஆர்க் என்ற மற்றது கவுண்டி முழுவதன் பயிர் வருமானம் குறைந்ததா என்று பார்க்கும். உங்கள் வயலில் மட்டும் ஆலங்கட்டி மழை கொட்டினால் அதில் காசு வராது, அதற்குப் பயிர்க் காப்பீடுதான். எதுவானாலும் 2025 அறுவடைக்கான பணம் 2026 அக்டோபரில்தான். அதுவரை பொறுக்க வேண்டும்.

கேள்வி: நிலக்காரம்மா சிகாகோவில் இருக்கிறார். பணம் அவருக்கா, உழுகிறவருக்கா?

பதில்: ரொக்கக் குத்தகை என்றால் உழுகிறவருக்கு. விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு விட்டிருந்தால் இருவருக்கும் பங்குப்படி. ஆனால் மானியம் வரும் என்று தெரிந்தால் அடுத்த குத்தகைப் பேச்சில் தொகை ஏறும். இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். பாதிப் பணம் அப்படியே சிகாகோவுக்கு ரயிலேறிவிடும் என்று கிண்டல் செய்வேன்.

கேள்வி: எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். 20 ஏக்கர் வாங்கிப் போட்டால் எனக்கும் வருமா?

பதில்: முதலீடு மட்டும் போட்டால் வராது. நிலம், முதலீடு, சொந்த உடலுழைப்பு மூன்றும் வேண்டும். அந்த விசாவில் டிராக்டர் ஓட்டினால் அது வேறு தலைவலி! இன்னொன்று, 1978 சட்டப்படி வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்கிய 90 நாளுக்குள் கவுண்டி எஃப்.எஸ்.ஏ. (மத்திய அரசின் பண்ணைச் சேவை) ஆபீசில் தெரிவிக்க வேண்டும். விட்டால் நில மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். கிரீன் கார்டு இருந்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

கேள்வி: பெரிய பண்ணைக்கு உச்சவரம்பு உண்டா?

பதில்: உண்டு. 2025 பயிருக்கு ஆளுக்கு 1,55,000 டாலர், அதற்கு முன்பு 1,25,000. மனைவிக்குத் தனி வரம்பு.

கேள்வி: டிரம்ப் சீனாவோடு வரிச் சண்டை போட்டபோது அள்ளிக் கொடுத்தார்களாமே?

பதில்: 2018இல் கொடுத்தது பேஸ் ஏக்கருக்கு இல்லை, நிஜமாக விளைந்ததற்கு. சோயாவுக்குப் புஷலுக்கு 1.65 டாலர். மக்காச்சோளத்துக்கு? ஒரே ஒரு சென்ட். 60,000 புஷல் அறுத்தவருக்கு 600 டாலர். அறுவடை டீசலுக்கே காணாது.