முறிந்த கைப்பிடி ஒட்டவில்லையே!

கேள்வி: எச்ஓ அளவு (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) டீசல் ரயில் எஞ்சின் மாடலில் பக்கவாட்டுக் கைப்பிடி முறிந்துவிட்டது. சூப்பர் க்ளூ போட்டும் விட்டுவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: வளைந்து கொடுக்கும் கைப்பிடிகளைப் பெரும்பாலும் அசிட்டால் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். தொட்டால் மெழுகு போல வழுக்கும். பசை லேசில் பிடிக்காது. நான் அதோடு மல்லுக்கட்டுவதே இல்லை. 0.4 மி.மீ. பித்தளைக் கம்பியைப் பழைய வளைவுக்கே மடக்கி, 0.5 மி.மீ. துளையில் செருகி, உள்பக்கம் துளி எபாக்சி பசை வைப்பேன். துளையிட, கையால் உருட்டும் சின்ன ட்ரில்தான் நல்லது. மோட்டார் ட்ரில் வேகமாகச் சுற்றினால் அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் உருகிவிடும்.

அப்புறம், எஞ்சின் கூடு விரிசல் விட்டிருந்தால் அது பெரும்பாலும் பாலிஸ்டைரீன் அல்லது ஏபிஎஸ் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் சிமென்ட் (பிளாஸ்டிக்கையே லேசாகக் கரைத்து ஒட்டும் பசை) நன்றாகவே பிடிக்கும். ஜன்னல் அருகே மட்டும் சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம், அதன் ஆவி வெள்ளையாகப் படிந்துவிடும்.